நாத்தனார் வைத்துவிட்டுப் போன கள்ளிகள்

என் நாத்தனார் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம் காலேஜிலிருந்து தாவணித் தலைப்பில் எதையோ பொதிந்துகொண்டு வந்தாள். பிரித்தால் மூன்று கள்ளித் துண்டுகள். ஒன்று எலுமிச்சம்பழம் போல உருண்டை, ஒன்று குட்டித் தூண் மாதிரி, இன்னொன்று தட்டையாக முயல் காது போல. தாவரப் பாடம் எடுக்கிற டீச்சர் கொடுத்தாளாம்.

"வேலியிலே நிக்க வேண்டியதை யாராவது ஆத்துக்குள்ளே கொண்டுவருவாளோ?" என்று மாமியார் கத்தினார்.

அவள் காதில் வாங்கவில்லை. ஆற்று மணலையும் செங்கல் பொடியையும் அடுப்புக் கரியையும் கலந்து, மூளியான மண்சட்டிகளில் அவற்றை நட்டு, மச்சு அறையின் கிழக்கு ஜன்னலில் வைத்தாள். பூஜையிலிருந்து கழித்துப்போட்ட நெளிந்த உத்தரணிக் கரண்டி ஒன்றைத் தண்ணீர் விடுவதற்கென்று எடுத்துக்கொண்டாள். அதற்கும் மாமியாரிடம் வசவு வாங்கினாள்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையாளச் சீமையில் ஸ்ரீவராகத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் ஊர்ப் பொட்டலில் கள்ளி கேட்பாரற்றுக் கிடக்கும். அதற்கு ஒருத்தி உபசாரம் செய்வதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிக்காதேங்கோ மன்னி. இந்த ஊர் மழையிலே இதைப் பிழைக்க வைக்கறது லேசில்லே, கேட்டோ. விரலை விட்டுப் பாருங்கோ. மண்ணு அடி வரைக்கும் காஞ்சிருந்தா ரெண்டு உத்தரணி. இடவப்பாதி மழை வந்துட்டா அதுவும் வேண்டாம்."

கிட்டத்தட்ட ஒரே வயசு எங்களுக்கு. மத்தியானம் மாமியார் கண்ணயர்ந்ததும் நான் மச்சுக்குப் போய்விடுவேன். அவள் மலையாளப் பத்திரிகையைப் படித்து எனக்குத் தமிழில் சொல்லுவாள். நான் அவள் தலையைப் பின்னிவிடுவேன். புகுந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த அறையில்தான்.

பரீட்சை முடிந்த கையோடு அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு நாகபுரியில் ரயில்வே உத்தியோகம். புறப்படுகிற அன்று பட்டுப்புடவையோடு மச்சுக்கு ஏறி வந்து ஜன்னலருகே நின்றாள்.

"அம்மா இதையெல்லாம் மதிலுக்கு வெளியே எறிஞ்சுடுவா. நீங்கதான் பாத்துக்கணும் மன்னி."

"நீ வந்து பாக்கறப்போ இங்கேயே இருக்கும், போ" என்றேன்.

அவள் போன பிறகு வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று. இவர் ஆபீஸுக்குப் போய்விட்டால் நானும் மாமியாரும்தான். அந்த வருஷம் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. நான் உத்தரணியைத் தொடவே இல்லை. ஆனாலும் ஒருநாள் உருண்டைக் கள்ளியைத் தொட்டபோது அடிப்பாகம் கொழகொழவென்று அமுங்கிற்று. மண்ணைக் கிளறினேன். சேறு. மேலே ஏதோ வெள்ளையாகப் படிந்திருந்தது.

கீழே வந்து, "அம்மா, மச்சிலே இருக்கற சட்டிக்கு யாராவது ஜலம் விட்டாளா?" என்று கேட்டேன்.

மாமியார் முறத்திலிருந்து நிமிரவில்லை. "அரிசி களைஞ்ச ஜலம் கொஞ்சம் விட்டேன்."

"எப்போ?"

"தினமும்தான். குழந்தை வெச்சுட்டுப் போனது, தாகமா நிக்கறதேன்னு இருந்தது" என்று முறத்தை மறுபடி புடைக்க ஆரம்பித்தார். முழங்கால் வலியோடு, நான் குளிக்கப் போகிற நேரம் பார்த்து அவர் மச்சுப்படி ஏறியிருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் வழக்கமில்லை.

அரிவாள்மணையில் நான் அழுகலை நறுக்கித் தள்ள, மாமியார் வெட்டுவாயில் அடுப்புச் சாம்பலை அப்பினார். சில நாள் உலர விட்டு, காய்ந்த மணலில் உட்கார வைத்தோம். பிறகு செய்ய ஒன்றுமில்லை. தண்ணீர் விடாமல் சும்மா இருக்க வேண்டும். மாமியாரால் அது முடியவில்லை. "ஒரு சொட்டு விடட்டுமா?" என்பார். "வேண்டாம்மா" என்பேன். இரண்டு பேருமாக ஜன்னலருகே உட்கார்ந்து, நாகபுரியில் இப்போது என்ன சமைத்திருப்பாள், இந்தி பேச வந்திருக்குமா என்று பேசிக்கொண்டிருப்போம். மழை ஓயும் சமயத்தில் சட்டியை அசைத்துப் பார்த்தேன். கள்ளி அசையவில்லை, வேர் பிடித்திருந்தது. "பிழைச்சுடுத்தா?" என்று மாமியார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைப்பிரசவத்துக்கு அவளைப் புக்ககத்தில் அனுப்பவில்லை. அப்புறம் யுத்தம் வந்தது. ரயிலில் இடம் கிடைப்பது அரிதாயிற்று. ஒரு துலாமாதத்தில், ஐப்பசி அடைமழையில், மாமியார் நான்கு நாள் ஜுரத்தில் போய்விட்டார். தந்தி போய், அவள் பத்தாம் நாளைக்குத்தான் வந்து சேர முடிந்தது. இளைத்துக் கறுத்திருந்தாள். இடுப்பில் குழந்தை.

எல்லாம் முடிந்த மறுநாள் மச்சுக்குப் போனாள். கள்ளிகள் வரிசையாக நின்றன. உருண்டையின் அடியில் குட்டிகள் முளைத்திருந்தன.

"அம்மா எறியலையா?"

நடந்ததைச் சொன்னேன். அரிசி களைந்த தண்ணீர் என்றதும் சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பே அழுகையாக மாறிவிட்டது. குழந்தை மிரண்டு என்னிடம் தாவிற்று.

ஊருக்குக் கிளம்பும்போது உருண்டையின் குட்டி ஒன்றைப் பழைய வேஷ்டித் துணியில் சுற்றிக் கொடுத்தேன். அடுத்த வருஷம் நாகபுரி வெயிலில் அது பூத்ததாகக் கடுதாசி வந்தது. இங்கே என் ஜன்னலில் ஒன்றுகூடப் பூத்ததில்லை. என்ன நிறம் என்று எழுதவில்லையே என்று கேட்டு உடனே பதில் போட்டேன்.

"நிறமெல்லாம் எழுத மாட்டேன். நீங்க வந்துதான் பாக்கணும் மன்னி" என்று எழுதியிருந்தாள்.

இவரிடம் காட்டினேன். "அடுத்த லீவுக்குப் போகலாம்" என்றார். பெட்டிகூடத் துடைத்து வைத்தேன். அந்த லீவில் இவருக்கு உடம்புக்கு வந்தது. அதற்கடுத்த வருஷம் எனக்குப் பிரசவம். அப்புறம் ஸ்ரீவராகத்து வீட்டையே விட்டுவிட்டோம். நாகபுரிக்கு நான் கடைசிவரை போகவில்லை. அந்தப் பூ மஞ்சளாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.