இடப்புறம் சுற்றிய நட்சத்திரம்

பதினான்கு.

இந்த எண்ணை மறக்க வேண்டாம். 1953-ஆம் வருஷம், அறந்தாங்கிக்கு வடக்கே ஈச்சவயல் கிறிஸ்தவத் தெருவில், ஐப்பசியிலும் கார்த்திகையிலுமாகச் செபமாலை என்பவர் கட்டிய பாடைகள் பதினான்கு. ஆண்டவரின் சோதனை என்றார்கள் சிலர். சோதனையும் இல்லை, சாபமும் இல்லை. தெருவுக்கு ஒரே கிணறு. மழையில் மாட்டுக்கொட்டில் தண்ணீரெல்லாம் அதற்குள் இறங்கியது. காலரா வந்தது. கிணற்றுக்கு மருந்து போட ஆள் அனுப்பச் சொல்லித் தெருக்காரர்கள் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார்கள். ஆளும் வந்தான். ஒன்பதாவது பாடை போன பிறகு வந்தான்.

செபமாலை கூலிக்காரர். வரப்பு வெட்டுவார், வேலி அடைப்பார், கூப்பிட்ட வேலைக்குப் போவார். பாடை கட்டுவது மட்டும் கூலியில்லாத வேலை. அவர் அப்பா கட்டினார், அதனால் இவரும் கட்டினார். சவப்பெட்டி வாங்க வக்கில்லாத தெரு அது. கண்மாய்க்கரை மூங்கிலை வெட்டிப் பிளந்து, கற்றாழை நாரால் கட்டி, மேலே வளைவு வைத்து, வர்ணத்தாள் ஒட்டித் தூக்கிவிட வேண்டும். நாரை இடப்புறமாகச் சுற்றுவார்கள். நல்ல காரியத்துக்கு வலம், சாவுக்கு இடம். மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் இந்த ஒன்றில் மட்டும் ஒரே கட்சி.

பதினான்கில் ஒரு பாடை மூன்றடி நீளம். அது அவருடைய மகனுக்கு. நாலு வயசுப் பிள்ளை. அதையும் அவரேதான் கட்டினார். தெருவில் வேறு யாருக்கும் கட்டத் தெரியாது.

அதற்குப் பிறகு செபமாலைக்கு ஓர் அலுப்பு வந்தது. படுத்தால் போகிற அலுப்பு இல்லை. காலையில் அவர் எழுவதற்கு முன்னால் அது எழுந்து வாசலில் நிற்கும். அரிவாளைக் கூரையில் சொருகிவிட்டு, "இனிமே மூங்கில தொடமாட்டேன்" என்றார்.

"நீங்க தொடலேன்னா செத்தவன் எந்திரிச்சு நடந்தா போவான்?" என்றாள் மனைவி சொர்ணம். அவளுக்கும் அலுப்புத்தான். அவளுடைய அலுப்பு வாய் வழியாகப் போகும். இவருக்கு அந்த வழியும் இல்லை.

மார்கழி பிறந்த வாரம், வேலை முடிந்து வரும்போது கோயிலுக்குப் பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. கோயில் என்றால் ஓலைக்கூரையும் மண் சுவரும், மேலே ஒரு சிலுவையும்தான். எட்டிப் பார்த்தார். ஏழெட்டுப் பிள்ளைகள். நடுவில் அவர் மகள் செவந்தி, பத்து வயசு. கீழே ஓர் அணில் செத்துக் கிடந்தது.

"அழுக ஆளு பத்தலடி" என்றான் ஒரு பொடியன், தோளில் துண்டைப் போட்டு, கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் வேஷத்தில்.

"நீயே அழுடா. ஒனக்குத்தான் மூக்கு எந்நேரமும் ஒழுகுதுல்ல" என்றாள் செவந்தி. அவள் கை நிற்கவில்லை. ஒரு சாண் நீளத்துக்குப் பாடை கட்டிக்கொண்டிருந்தாள்.

செபமாலை அதை வாங்கிப் பார்த்தார். ஒரு கட்டுகூட நெகிழவில்லை. அவர் கட்டுவதைவிட இறுக்கமாக இருந்தது.

"யாரு கத்துக்குடுத்தா?"

"யாரும் இல்ல. தெனம் பாத்துக்கிட்டேதான இருந்தோம்" என்றாள் செவந்தி.

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அப்பா கை தன் கைக்கு வந்தது போதாதென்று, தன் கை இதோ இந்தப் பிள்ளைக்குப் போய்விட்டது. கையில் இருந்ததை வேலி ஓரம் எறியவும் மனசு வரவில்லை. பிள்ளை அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தாள்.

"வேற எதாச்சும் கட்டுங்கத்தா" என்றார்.

"வேற என்னத்தக் கட்ட?"

மூக்கொழுகிப் பொடியன்தான் சொன்னான்: "கிறிஸ்மஸ் வருதுல்ல, ஸ்டாரு கட்டலாம். போன வருசத்து ஸ்டாரு மழையில கிழிஞ்சுபோச்சு. இந்த வருசம் கோயிலுக்கு ஸ்டாரே கெடையாதாம், உபதேசியாரு சொல்லிட்டாரு."

"அப்பா, மூங்கில மட்டும் சிம்பு சிம்பா பொளந்து தாங்க. மிச்சத்த நாங்க பாத்துக்குறோம்" என்றாள் செவந்தி.

செபமாலை வீட்டுக்குப் போய்க் கூரையிலிருந்து அரிவாளை எடுத்தார். சொர்ணம் பார்த்தாள். சாணைக்கல்லை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

தாள் வாங்க அறந்தாங்கிச் சந்தைக்கு நடந்தார். கடைக்காரர் சேக் அலாவுதீன் இவர் தலையைக் கண்டதும், கேட்காமலே பாடைக்குச் சிவப்பும் மஞ்சளும் எடுத்துச் சுருட்டினார். இரண்டு மாதமாக அதுதான் வழக்கம்.

"இந்தத் தடவ யாரு செபமாலை?"

"யாருமில்ல பாய். புள்ளைங்க நட்சத்திரம் கட்டுதுங்க."

பாய் சுருட்டியதைப் பிரித்து மறுபடியும் அடுக்கில் வைத்தார். "அப்ப இது வேணாம். நீலம் எடுத்துட்டுப் போங்க. இத ஒரு பய கேக்கமாட்டேங்கிறான், கெடந்து மங்குது" என்று நீலத்தாளைச் சுருட்டிக் கொடுத்தார்.

பிள்ளைகள் செபமாலை வீட்டு வாசலில் உட்கார்ந்து கட்டினார்கள். ஐந்து மூலை வைத்து இரண்டு சட்டம். இரண்டையும் சேர்த்து, நடுவில் குச்சிகளை முட்டுக்கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைகள் சிகரெட் பெட்டி ஈயத்தாளைப் பொறுக்கிவந்து கீற்றுக் கீற்றாக வெட்டி வால் செய்தார்கள். சொர்ணம் புளியங்கொட்டையை இடித்துப் பசை காய்ச்சினாள். "பசைய நக்குற பயலுக்கு ஸ்டாரு கெடையாது" என்று அகப்பையை ஓங்கினாள். பசி உள்ள தெரு. நக்கத்தான் செய்தார்கள்.

சட்டம் முடிந்து, தாள் ஒட்டுவதற்கு முன்னால் பெரியண்ணன் வந்தார். தெருவுக்குப் பெரியவர், கோயில் சாவி அவரிடம். பதினான்கில் ஒன்று அவர் மனைவிக்குக் கட்டியது. நட்சத்திரத்தைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது.

"இது ஸ்டாரா, பாடையா? அம்புட்டுக் கட்டும் இடப்பக்கமா சுத்தியிருக்கு! பொறக்கப்போற சாமிக்கே பாடை கட்டி வச்சிருக்கீங்களா? தூக்கி அடுப்புல போடுங்க."

செபமாலை அப்போதுதான் பார்த்தார். அத்தனை கட்டும் இடம். அவர் கண்ணுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. பிள்ளைகள் வேண்டுமென்று செய்யவில்லை. அவர்கள் பார்த்துப் பழகிய கட்டு அது ஒன்றுதான்.

இன்றைக்கு இந்த நட்சத்திரம் அடுப்புக்குப் போனால், செவந்தி கை பாடை கட்டுகிற கை என்று தெருவில் முடிவாகிவிடும். பிறகு அந்தக் கையிலிருந்து வேறெதையும் யாரும் வாங்க மாட்டார்கள். இது செபமாலைக்குப் புரிந்தது. புரிந்ததும் வாய் திறந்தது.

"அண்ணே, நாளைக்குச் சாயங்காலம் வந்து பாருங்க. எல்லாத்தையும் அவுத்து வலமா மாத்தியிருப்போம். ஒரு கட்டு இடமா இருந்தாலும் நீங்களே உங்க கையால அடுப்புல போடுங்க."

பெரியண்ணன் நட்சத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனார். சரி என்றுதான் அர்த்தம்.

மறுநாள் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்கள். செபமாலையும் உட்கார்ந்தார். நாரைப் பிடித்தார், சுற்றினார். கை இடப்பக்கம் போனது. அவிழ்த்தார். மறுபடியும் சுற்றினார். மறுபடியும் இடம்.

"அப்பா, இங்கிட்டு! அங்கிட்டு இல்ல!"

"தெரியுதுத்தா. கைக்குத் தெரியமாட்டேங்குது."

"ஒங்க அப்பனுக்குக் கை அங்கிட்டே போயிப் பழகிருச்சு. பாத்துக்கிட்டே இருங்க, சோத்தக் காதுல வைக்கப்போறாரு" என்றாள் சொர்ணம்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மழை பிடித்ததிலிருந்து அந்த வாசலில் யாரும் சிரிக்கவில்லை. செவந்தி அவர் விரலைப் பிடித்து வலப்புறமாகத் திருப்பிவிட்டாள். அதற்குப் பிறகு கை போனது. பழைய மாடு புதுத் தடத்தில் போகிற மாதிரி, நின்று நின்று போனது.

எல்லாம் முடிந்தது. நடு முட்டுக்குச்சியில் ஒரு கட்டு மட்டும் மிச்சம். செபமாலை அதை அவிழ்க்கக் கை நீட்டினார். செவந்தி உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டாள்.

"இது இருக்கட்டும்."

"ஏன்த்தா?"

"தம்பிக்கு."

ஓர் அதட்டுப் போட்டால் எடுத்திருப்பாள். சொன்ன வாக்கு இருக்கிறது. அடுப்பும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது, பசைச் சட்டி மேலே. தெருக்கோடியில் பெரியண்ணன் வருவதும் தெரிந்தது. செபமாலை அதட்டவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பெரியண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாகக் கட்டைவிரலால் தடவினார். மூலைகள் முடிந்தன. சட்டம் முடிந்தது. நடுக்குச்சிக்கு வந்தார். விரல் நின்றது.

"இது யாரு கட்டுனது?"

"நாந்தான் பெரியப்பா" என்றாள் செவந்தி.

"அவுக்க மறந்துட்டியா?"

"மறக்கல. அது தம்பிக்கு."

சொர்ணம் அடுப்புக்கு முன்னால் போய் மறைத்து நின்றாள். பெரியண்ணன் விரலை எடுக்காமல் அந்தக் கட்டையே தடவிக்கொண்டிருந்தார். செபமாலை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"பெரியம்மாவையும் அதுலயே சேத்துக்க" என்றார் பெரியண்ணன். வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். "சீக்கிரம் தாள ஒட்டுங்க. உபதேசியாரு வந்துருவாரு."

பொழுது சாயும்போது கம்பம் நட்டு ஏற்றினார்கள். ஒரு மூலை கோணல். உள்ளே வைத்த அகல் புகை கக்கியது. ஆனாலும் நீலமாகத் தெரிந்தது. செபமாலை ஜெபம் தொடங்குவதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். யாரும் எழுப்பவில்லை.

கிணறு அப்படியேதான் கிடந்தது. மூன்று வருஷம் கழித்துத் தெரு முழுக்கக் கிளம்பிப்போய் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்த பிறகு புதுக் கிணறு வந்தது. சும்மா யாரும் வெட்டிக் கொடுக்கவில்லை. செபமாலை 1962 வரை பாடை கட்டினார், இடப்புறமாக. மார்கழியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து நட்சத்திரம் கட்டினார், வலப்புறமாக. கை ஒவ்வொரு வருஷமும் முதலில் இடப்பக்கம்தான் போகும். பிள்ளைகள் சிரிப்பார்கள், திருப்பிவிடுவார்கள். செவந்தி நார்த்தாமலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனாள். அவளுக்குப் பின்னால் வந்த பிள்ளைகளும் நடுக்குச்சியை அவள் விட்டபடியே விட்டார்கள்.

ஒவ்வொரு நட்சத்திரத்திலும் இடப்புறமாக இருந்த கட்டு: ஒன்று.