முள் பார்ப்பது அவள் வேலை

என் காரில் இருபது வருஷமாக ஒரு முள்ளும் ஓடவில்லை. எனக்கு அது குறையாகத் தெரிந்ததில்லை.

பழைய கார். மீட்டரெல்லாம் ஸ்டியரிங்குக்கு நேராக இருக்காது, டேஷ்போர்டின் நடுவில் இருக்கும். வேகத்துக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று, சூட்டுக்கு, ஆயிலுக்கு, பாட்டரிக்கு. எல்லாம் படுத்துவிட்டன. நான் காதை வைத்து ஓட்டினேன். டாப் கியரில் இன்ஜின் முனகுவதை வைத்து நாற்பதா ஐம்பதா என்று சொல்லிவிடுவேன். ஆயில் குறைந்தால் தாளம் போட்டதுபோல டிக் டிக் என்று அடிக்கும். தண்ணீர் சுட்டால் பானட்டுக்குள் சீறும். பெட்ரோலுக்கு மட்டும் ஒரு மூங்கில் குச்சி. டேங்கில் விட்டு எடுத்து, ஈரம் எதுவரை என்று பார்ப்பேன்.

அந்தக் காரை வாடகைக்கு ஓட்டித்தான் மகனைப் படிக்க வைத்தேன். இப்போது வாடகை இல்லை. நானும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போவோம். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி எதற்கும் அதில்தான். அவள் முன் சீட்டில்தான் உட்காருவாள்.

போன வருஷம் காது மந்தமானது. முதலில் வலது காது, பிறகு இரண்டும். டாக்டர் மெஷின் கொடுத்தார். காருக்குள் அதைப் போட்டால் காற்றுச் சத்தம்தான் கேட்டது. கழற்றி வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசியில் திருத்துறைப்பூண்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பாதி வழியில் அவள் என் தோளைத் தட்டினாள்.

"என்னங்க, கொதிக்குதுங்க. உல கொதிக்கிற மாதிரி கேக்குதே. உங்களுக்குக் கேக்கலயா?"

"கேட்டுச்சு. ஊர்ல போய்ப் பாத்துக்கலாம்னு இருந்தேன்."

நிறுத்தினேன். ஆவி வந்தது. ஆறும்வரை புளிய மரத்தடியில் நின்றோம். அவள் பட்டுச் சேலையோடு வாய்க்காலில் இறங்கித் தண்ணீர் எடுத்து வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்த வாரம் மகன் சென்னையிலிருந்து ஃபோன் செய்தான். ஸ்பீக்கரில் கத்திப் பேசினான்.

"அப்பாவுக்கு ஃபோன்லயே காது கேக்கல. ரோட்ல எப்படிம்மா ஓட்டுறாரு? கார வாங்கிக்க ஒரு ஆள் பாத்திருக்கேன். கிறிஸ்மஸுக்கு வரும்போது முடிச்சிட்டுப் போயிடுறேன்."

"வா. வந்து பேசிக்கலாம்" என்றாள் அவள்.

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த வண்டி போய்விட்டால் எனக்கு என்ன இருக்கிறது என்று யோசித்தேன். காது போனால் கண் இருக்கிறது, முள் ஓடினால் பார்த்து ஓட்டலாம் என்று தோன்றியது.

தஞ்சாவூரில் ஒரு கடையில் கேட்டேன். டேஷ்போர்டை வெட்டி எடுத்துவிட்டு லைட் எரிகிற புது மீட்டர் வைக்கலாம் என்றார்கள். வெட்டச் சம்மதமில்லை. அதிராம்பட்டினத்தில் ஒரு பாய் இருக்கிறார், வளைகுடாவில் கார் எலெக்ட்ரிக் வேலை பார்த்துவிட்டு வந்தவர், பழசைத் தொடுவார் என்றார்கள். கிளம்பினேன். கருவாடு வாங்க வேண்டும் என்று சொல்லி அவளும் ஏறிக்கொண்டாள்.

பாய் மீட்டரை எல்லாம் கழற்றித் துணியில் பரப்பினார். நிதானமான மனிதர். பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் சேர்ந்தே படுத்தனவா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அப்ப முள்ளு ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்ணே. அதுங்களுக்குக் கரண்ட் அளந்து விடுற டப்பா ஒண்ணு பின்னாடி இருக்கு. அது போயிருக்கும்."

அதுதான் போயிருந்தது. தீப்பெட்டி அளவு. வேறொன்று போட்டார். டேங்கிலிருந்து, பெட்ரோல் அளவு காட்டும் மிதவையை எடுத்து என் காதருகே ஆட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதுபோலத் தலையை ஆட்டினேன். "உள்ள பெட்ரோல் பூந்திருக்கு, எப்படி மிதக்கும்?" என்று ஈயம் வைத்து அடைத்தார். வேக மீட்டருக்குக் கேபிள் அறுந்திருந்தது. ஆயிலுக்குக் குழாய் அடைத்திருந்தது. பாட்டரி மீட்டரைத் தேய்த்துப் பார்த்துச் சிரித்தார்.

"இது நல்லா ஓடுதேண்ணே. கண்ணாடிலதான் அழுக்கு."

இருபது வருஷமாக அது ஒன்று சரியாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் பாய் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் படுத்தார். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து வெளியே நின்ற என் மனைவி ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் தோளைத் தொட்டாள்.

"ஸ்டார்ட் பண்ணச் சொல்றாரு. மூணு தடவ சொல்லிட்டாரு."

பாய் தலையை வெளியே எடுத்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எத்தன நாளாம்மா?"

"மாசிலேருந்து" என்றாள் அவள்.

டாக்டரிடம் நான் தனியாகப் போனது சித்திரையில். எனக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வாய்க்காலில் இறங்கும்போதும் தெரிந்திருக்கிறது.

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சா இந்த மீட்டர்ல எதுவும் காட்டாது."

"அதுக்குத்தான் நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்றாள் அவள். "கருவாடு எனக்கு எங்க ஊர்லயே கிடைக்கும்."

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

திரும்பும்போது எல்லா முள்ளும் ஓடியது. புதுப் பொண்டாட்டியைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரத்தநாடு தாண்டி, முள் நாற்பதில் சரியாக நிற்கிறதா என்று குனிந்தேன்.

"வாத்து!" என்றாள்.

பிரேக்கை மிதித்தேன். ஒரு மந்தை வாத்து வயலிலிருந்து வயலுக்கு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. முதல் வாத்துக்கும் பம்பருக்கும் ஒரு சாண். வாத்துக்காரர் கம்பை ஓங்கி ஏதோ சொன்னார். கேட்கவில்லை. நல்லதாகச் சொல்லியிருக்க மாட்டார்.

வாத்தெல்லாம் போனபிறகு அவள் சொன்னாள்.

"முள்ளப் பாக்குறது என் வேல. நீங்க ரோட்டப் பாருங்க."

மீட்டர் நடுவில் இருப்பதால் அவளுக்கு நன்றாகத் தெரியும். எண் தெரியும், இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. சூட்டு மீட்டரில் குளிர்ந்த முனையில் இருக்கும் C அரிவாள், சூடான முனையில் இருக்கும் H ஏணி. பெட்ரோலில் காலியானால் வரும் E சீப்பு, நிறைந்தால் வரும் F பல் போன சீப்பு. வீடு வருவதற்குள் அவளே பெயர் வைத்துவிட்டாள். பின்னால் ஹாரன் கேட்டால் என் முழங்காலில் ஒரு தட்டு. நான் இடது பக்கம் ஒதுங்குவேன். எங்கள் ஊரான திருவையாற்றின் கடைத்தெருவில் ஒரு மாதம் இப்படிப் பழகினோம்.

கிறிஸ்மஸுக்கு முந்தைய நாள் காலை, தஞ்சாவூர் ஸ்டேஷனில் மகனை ஏற்றிக்கொண்டோம். தான் ஓட்டுவதாகக் கையை நீட்டிச் சாவியைக் கேட்டான். அவள், "வீடு வரைக்கும் அப்பா ஓட்டட்டும்" என்றாள். அவன் பின் சீட்டில் உட்கார்ந்தான்.

"நாப்பது. அரிவாள்லதான் நிக்குது" என்று ஆரம்பித்தாள் அவள்.

தட்டு. ஒதுங்கினேன். பஸ் போனது.

"அரிவாள விட்டு நவுந்துட்டு. ஏணிக்கு இன்னும் தூரம்."

வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலம் பாலமாகத் தாண்டினோம். கண்ணாடியில் பார்த்தேன். அவன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். காவேரிப் பாலத்தில் ஏறும்போது முன்னால் குனிந்தான்.

"ஏணின்னா என்னம்மா?"

அவள் விரலால் காட்டினாள். அவன் சிரித்தான். சின்ன வயதில் இதே சீட்டில் அப்படிச் சிரிப்பான்.

வீட்டில் இறங்கியதும் என் முகத்துக்கு நேராக நின்று, உதடு தெரிகிற மாதிரி சொன்னான்.

"அந்த ஆளுக்கு வேணாம்னு சொல்லிடுறேன். ஆனா அம்மா பக்கத்துல இல்லாம நீங்க வண்டிய எடுக்கக் கூடாது. ஒரு தெரு தாண்டிக்கூட."

"சரி" என்றேன்.

தை மாதம் அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல். மாத்திரை வாங்க பஸ்ஸில் போய் வந்தேன். கார் கொட்டகையிலேயே நின்றது.

நாலாம் நாள் ஞாயிறு. பூசைக்குக் கிளம்பினாள். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் ஐந்து மீட்டர்க் கண்ணாடியையும் துடைத்தாள். நான் சாவியைத் திருகினேன்.

"சீப்புகிட்ட வந்துட்டு" என்றாள். "போற வழியில பெட்ரோல் போட்டுக்குங்க."