மாமனார் பேர்

சின்னக்கருப்பன் தன் பெயரை முதன்முதலில் கேட்டது டிவிப் பெட்டியில்தான். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. தாத்தா பெயரை மூத்த பேரனுக்கு வைப்பது கடலாடிப் பக்கத்து வழக்கம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் அதே பக்கத்து வழக்கம். அப்புறம் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவதாம்? அம்மா சண்முகவள்ளி அவனைப் 'பெரியவுக' என்றாள். விளக்குமாற்றை ஓங்கினாலும், "பெரியவுக இங்கன வாங்க" என்று மரியாதையோடுதான் ஓங்குவாள்.

டிவியிலோ பண்ணையார் ஒருவர், "ஏலே சின்னக்கருப்பா, குடையப் புடிலே!" என்று எட்டி உதைத்தார். குடை பிடித்தவன் குப்புற விழுந்தான். வீடே சிரித்தது. சரி, ஒரு படம் போகட்டும் என்றால் அந்தப் பெயர் அவனை விட்டபாடில்லை. அடுத்த படத்தில் சின்னக்கருப்பன் கோழி திருடினான். கல்லூரியில் பாடமாக வந்த கதையில் அடிவாங்கியே செத்தான், பாவம். சீரியலில் அடியாள், மீம்ஸில் மண்டு. இந்த எழுதுகிறவர்களுக்கும் எடுக்கிறவர்களுக்கும் ஒரு டாக்டருக்குக்கூட அந்தப் பெயரை வைக்கத் தோன்றாதா? கூடப் படித்தவர்கள் அவனைக் கண்டாலே "குடையப் புடிலே" என்றார்கள். அவமானம் பிடுங்கித் தின்றது.

கடலாடியில் செல்போன் கடை போட்டபோது 'பிரபு மொபைல்ஸ்' என்று போர்டு மாட்டினான். கடைத்தெருவுக்கு அவன் பிரபு. "கடைப் பக்கம் வர வேணாம்மா, வெயிலு" என்று அம்மாவிடம் சொல்லி வைத்தான். வெயிலாவது, ஒன்றாவது! அவள் வந்து 'பெரியவுக' என்றால், ஏன் என்று கேட்பார்கள், பழைய பெயர் வெளியே வந்துவிடுமே.

போன மாசியில் ஒரு மதியம், தரகர் பிரபு என்று சொன்ன பையனைப் பார்க்க ராமநாதபுரத்திலிருந்து சுகந்தியும் அவள் அப்பா வீரபத்திரனும் கடைக்கு வந்திருந்தார்கள். சுகந்தியை அவனுக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. அவளுக்கும் அப்படித்தான் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் அம்மாவின் குரல். மிளகாய்க் காட்டில் அவனைப் பெற்ற அய்யா தங்கப்பாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, போனைக் காட்டிலேயே போட்டுவிட்டு, மகனைத் தேடி ஓடி வந்திருக்கிறாள். இது எதுவும் அப்போது அவனுக்குத் தெரியாது.

"எங்க பெரியவுக செல்லுக் கடை எங்கனய்யா இருக்கு?" என்று எதிர் டீக்கடையில் கேட்டாள்.

"இங்கன தெருவெல்லாம் செல்லுக் கடைதான். பேரச் சொல்லுத்தா."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினாள்.

"சின்னக்கருப்பா! ஏ சின்னக்கருப்பா!"

அவள் வாயிலிருந்து அவன் ஒருநாளும் கேட்டிராத பெயர். டீக்கடையில் ஒருத்தன், "குடையப் புடிலே!" என்றான். கொல்லென்று சிரித்தார்கள். சுகந்தியும் சிரித்தாள்.

"யாரு தம்பி அது?" என்றார் வீரபத்திரன்.

"யாரோ, தெரியல" என்றான்.

குரல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்த் தேய்ந்தது. வந்தவர்களை வழியனுப்பிவிட்டு அவன் தேடி ஓடியபோது, அய்யா விழுந்ததையும் அவரை ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிப் போய்விட்டதையும் பஸ் ஸ்டாண்டில் சொன்னார்கள். பைக்கை விரட்டினான்.

அய்யா பிழைத்துக்கொண்டார். பெரியாஸ்பத்திரி வராந்தாவில் அம்மா இவனைக் கண்டதும் எழுந்து நின்றாள். திட்டியிருந்தால் தேவலை.

"ஒங்களக் காணாமத் தவிச்சுப்போயி, நடுத்தெருவுல மாமா பேரச் சொல்லிப்புட்டேன்யா. இத்தன வருசம் காத்த வாயி. அவுக பேரச் சொமக்குறவுக நீங்கதான, கோவிச்சுக்கிறாதீக."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, இருந்த திருநீற்றை அவன் உள்ளங்கையில் கொட்டினாள். "பூசி விடுங்க" என்று தலையைக் குனிந்தாள்.

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. கேட்டேன், கடைக்குள்தான் இருந்தேன், யாரோ என்று சொன்னேன் என்று சொல்லிவிட வேண்டும். வாய் வரவில்லை. பூசிவிட்டான்.