மலை தெரியாத கொட்டாய்

எங்கள் ஊர் ஆனைப்பாறைக் கொட்டாய். ஊர் என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம். கிழக்குப் பஞ்சாயத்தைக் கேட்டால் மேற்கே கை காட்டும். மேற்கைக் கேட்டால் கிழக்கே. கீழ்பென்னாத்தூர் பஸ் எங்களைக் கண்டதும் ஹாரன் அடித்து வேகம் எடுக்கும். சரித்திரமும் உண்டு. இரண்டு பங்காளிகள் ஒரு வரப்புக்காக அடித்துக்கொண்டார்கள். தோற்றவன் கோபித்துக்கொண்டு வந்து வேர்க்கடலை விளைகிற மல்லாட்டைக் கொல்லையில் கொட்டகை போட்டான். அவன் வம்சம்தான் நாங்கள்.

போட்டவன் இடம் பார்த்த அழகைச் சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்தில் எங்கே நின்றாலும் திருவண்ணாமலை மலை தெரியும். எங்களுக்குத் தெரியாது. ஆனைப்பாறை மறைக்கிறது.

கார்த்திகையன்று மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் அகல் ஏற்றுவார்கள். ஆகவே ஒருவர் பாறை மேல் ஏறிப் பார்த்துக் கத்த வேண்டும். அவர் சக்கரபாணி மாமா. வருஷம் முழுக்க ஊரார் மாட்டை மேய்ப்பவர், அன்று மட்டும் வெளுத்த வேட்டியும் விபூதியுமாகக் கலெக்டர் நடை நடப்பார். பெண்டாட்டி கிடையாது, காணி கிடையாது. அந்தக் கத்தல்தான் அவர் சொத்து.

எண்பத்து நாலில் மாமா கத்தினார். தெருவெல்லாம் அகல் எரிந்தது. அப்புறம் பார்த்தால், ராஜமாணிக்கம் வீட்டு ரேடியோ இன்னும் தீபம் ஏற்றவில்லை என்கிறது! பாறைக்கு ஓடினேன். மேற்கே வெள்ளி முளைத்திருந்தது. மாமா கும்பிட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

"சாமிக்கு முன்னாடி ஏத்திட்டோமே!" என்று எதிர்வீட்டு வெள்ளையம்மாள் அழுதாள். எரிகிற விளக்கை ஊதி அணைக்கவும் பயம்.

"அந்தாளு கண்ணுல பூ வுழுந்துடுச்சி" என்றார் ராஜமாணிக்கம். "இன்னொரு தபா தப்பினா அதோட சரி. ரேடியோவ கேட்டே ஏத்திக்கலாம்."

ரேடியோ வைத்திருப்பவன் சொன்னால் எங்கள் ஊருக்கு அது வேதவாக்கு. அந்த வருஷம் முழுக்க மாமாவை மென்று துப்பினார்கள். நானும் சளைக்கவில்லை. "மாமா, தோ லாரி லைட்டு வருது, கும்பிட்டுக்க" என்பேன். அவர் மாட்டை மட்டும் அதட்டுவார்.

மறு கார்த்திகை. மாமா தடவித் தடவிப் பாறை ஏறினார். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் போய் உட்கார்ந்தேன். அவர் நெற்றியில் கையை வைத்து உற்றுப் பார்த்தார். பார்த்த திசையில் மலையே இல்லை. திடீரென்று, கத்தப் போகிறவர் போல் மூச்சை இழுத்தார்.

"இன்னா மாமா, அதுக்குள்ள கொட்டாவியா?" என்றேன்.

இழுத்த மூச்சை விட்டுவிட்டார். இருட்டிக்கொண்டு வந்தது. மலையுச்சியில் சின்னதாக ஒரு சிவப்பு. அடுத்த கணம் அது நெருப்பாக எழுந்தது. மாமா சும்மா நின்றார்.

"யோவ் மாமா, நின்னுக்கினே தூங்கிட்டியா? பொம்பளைங்க குச்சியும் கையுமா நிக்கிறாங்க!"

"வாய மூட்றா! எனக்குத் தெரியாதா?" என்று சீறினார். உடனே, ஆள் இல்லாத திக்கைப் பார்த்து, தொண்டை கிழிய, "அண்ணாமலைக்கு அரோகரா!"

கீழே ஒவ்வொரு வாசலாக அகல் எரிந்தது. ரேடியோவிலும் அதே நேரத்தில்தான் அரோகரா என்று பிறகு சொன்னார்கள்.

"கழுத. மனுசன நிம்மதியா சாமி கும்பிட வுட மாட்டியா?" என்று மாமா என்னைத் திட்டினார். காற்றில் துழாவியபடி கையை நீட்டினார்.

"புடிடா. எறங்கணும்."