அளவுகாரர் கேட்ட நான்கு நாள் லீவு

என் பக்கத்து நாற்காலிக்காரரை நாங்கள் அளவுகாரர் என்றுதான் கூப்பிடுவோம். யார் எழுதிய புரோகிராமையும் ஒரு கருவியில் போட்டு, 'அப்படியானால் இது, இல்லாவிட்டால் அது' என்று எத்தனை கிளை பிரிகிறது என்று எண்ணுவார். ஒரே துண்டில் பத்தைத் தாண்டினால் கருவி சிவப்பு காட்டும், தாண்டாவிட்டால் பச்சை. சிவப்பைக் கண்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. "மழை வந்தா குடை, வராட்டி தொப்பி" என்று மனைவி சொன்னால்கூட "ரெண்டு" என்று முணுமுணுப்பாராம்.

ஊழியர்களுக்கு லீவு கொடுக்கும் புரோகிராம் அறுபத்து மூன்று கிளையோடு ஒரே நீளத் துண்டாகப் பத்து வருடமாகக் கிடந்தது. பார்க்கச் சகிக்காது, ஆனால் கேட்டால் லீவு கொடுக்கும். மேனேஜர் அவரை உசுப்பிவிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள இதைப் பச்சையாக்குங்க, அடுத்த டீம் லீடர் நீங்கதான்."

அளவுகாரர் அதை ஐம்பது துண்டாக நறுக்கினார். ஒவ்வொன்றுக்கும் பெயர் வேண்டுமே. பன்னிரண்டோடு கற்பனை வறண்டுவிட்டது. மீதிக்கு மனைவி வீட்டு உறவுகளை இறக்கினார்: பெரியமாமா, சின்னமாமா, ஒன்றுவிட்ட அத்தை. கருவி முழுக்கப் பச்சை. எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார். எனக்கோ வயிற்றெரிச்சல், இரண்டாக எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை, மனைவியின் தங்கை கல்யாணத்துக்கு அவரே நான்கு நாள் லீவு கேட்டார். 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. செவ்வாயும் அதே பதில். அன்று மாலை ஆறு மணிக்கு ரயில்.

"புரோகிராம் சொல்லாம நான் எப்படிங்க விடறது?" என்று மேனேஜர் கையை விரித்துவிட்டார்.

ஐந்து மணிக்கு மனைவி பெட்டியோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நாங்கள் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தோம். பெரியமாமா முடிவு சொல்லாமல் அத்தையிடம் அனுப்பினார், அத்தை சித்தப்பாவிடம், சித்தப்பா திரும்பப் பெரியமாமாவிடமே.

மனைவி எட்டிப் பார்த்தார். "இதென்னங்க, எங்க வீட்டு ஆளுங்களா இருக்காங்க?"

"பேரு கிடைக்கல" என்றார் அளவுகாரர், தலையைத் தூக்காமல்.

"சரி, இதுல லீவு குடுக்கிறது யாரு?"

அவர் மேலிருந்து கீழ்வரை தேடினார். ஒருவரும் இல்லை. 'லீவு கொடு' என்ற வரியில் கிளையே கிடையாது. அதனால் கருவி அதை எண்ணவில்லை. கருவி எண்ணாததை இவர் எடுத்து வைக்கவில்லை. இப்போது ஐம்பதில் எந்தத் துண்டில் ஒட்டுவது என்று நறுக்கியவருக்கே தெரியவில்லை.

மனைவி கடிகாரத்தைப் பார்த்தார். அளவுகாரர் கண்ணை மூடிக்கொண்டு பழைய புரோகிராமைத் திரும்பப் போட்டார். லீவு நொடியில் வந்தது. திரை செக்கச்செவேல் என்று ஆனது. பதவி போச்சே என்று எனக்கே பாவமாக இருந்தது.

"அறுபத்து மூணு" என்றார் அளவுகாரர்.

"எண்ணிக்கிட்டே நடங்க" என்று பெட்டியை அவர் கையில் கொடுத்தார் மனைவி.