அவள் பேசியதால் வந்த வேலை

விலங்கியல் வகுப்பில் நாங்கள் பெண்கள் நான்கு பேர்தான். எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிய லாரிகள் கல்லூரி வாசலில் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடிய காலம். நான் நாசரேத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்தேன். அப்பா அங்கே பள்ளி ஆசிரியர். ஆய்வுக்கூடத்தில் என் பக்கத்து மேஜைக்காரி கடற்கரைத் தெருப் பெண். அவளுடைய அப்பா கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகும் தோணியில் தண்டல். தோணியும் ஆட்களும் அவர் பொறுப்பு.

சுறாவின் தலையை அறுத்து, நரம்புகளைச் சேதமில்லாமல் பிரித்துக் காட்டவேண்டும். நான் எடுத்தால் ஏதாவது ஒரு நரம்பு அறுந்துவிடும். அவள் பேசிக்கொண்டே முடித்துவிடுவாள். பையன்கள்கூட அவள் தட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

செய்முறைத் தேர்வு மதிப்பெண் துறைத் தலைவர் கையில் இருந்தது. திருத்தம் சொல்லித் தருவதாகச் சொல்லி, வகுப்பு முடிந்ததும் அவளை மட்டும் மாதிரிகள் வைக்கும் அறைக்குக் கூப்பிடுவார். ஒருநாள் அவள் வெளியே வந்து குழாயடியில் கை கழுவ ஆரம்பித்தாள். கழுவிக்கொண்டே இருந்தாள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். பிறகு சொன்னாள். தோளில் கை வைப்பார், இடுப்பில் வைப்பார், விலகினால் மார்க்கைப் பற்றிப் பேசுவார். அன்றைக்கு அதற்கு மேலும் போயிருக்கிறார். தள்ளிவிட்டு வந்திருக்கிறாள்.

முதல்வரிடம் போகலாம் என்றேன். அவளுக்கு விருப்பமில்லை.

“இன்னும் ஒரு வருசம்தான ஏளா. டிகிரி கைக்கு வந்துட்டுன்னா அந்தாளு மூஞ்சியில யாரு முழிக்கப் போறா? நான் பாத்துக்கிடுதேன்.”

நான் விடவில்லை. பேசாமல் இருந்தால் அடுத்து வரும் பிள்ளைகளுக்கும் இதே கதிதான் என்றேன். உண்மையைச் சொன்னால் நியாயம் கிடைத்துவிடும் என்று எங்கள் வீட்டில் நம்பினோம், நானும் நம்பினேன். பல நாள் அவள் பின்னாலேயே நடந்தேன். கடைசியில் சரி என்றாள்.

முதல்வர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவள் தலை குனியவில்லை, எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கும் அப்படி நடந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன், அது உண்மைதான். பெண்பிள்ளைகள் விஷயம், பெற்றோருக்குத் தெரியாமல் எதுவும் செய்யக்கூடாது என்று சொல்லி இரண்டு வீட்டுக்கும் ஆள் அனுப்பினார். நாங்கள் அதை எதிர்பார்க்கவில்லை.

என் அப்பா பஸ் பிடித்து வந்தார். முதல்வரோடு காபி குடித்தார். நல்ல காரியம் செய்தாய் என்று என்னிடம் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பினார். அவளுடைய அப்பா உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றபடியே கேட்டுவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கடையிலிருந்து கலர் சோடா வாங்கிவரச் சொல்லி எனக்குக் கொடுத்தார்.

“நான் கடல்லயே கெடக்கவன்மா. இங்கன நாலு பேரு நாலு விதமாப் பேசுனா எவன்ட்டப் போயி சண்ட போட? ஒம்மேல தப்பு சொல்லல. நீ நல்லாப் படி.”

அவள் உள்ளே இருந்தாள். வெளியே வரவில்லை. அடுத்த வருடம் கல்யாணமாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

துறைத் தலைவருக்கு வேலை போகவில்லை. பாடம் நடத்தலாம், பெண்களின் செய்முறை வகுப்புக்கு மட்டும் வரக்கூடாது என்று முடிவு செய்தார்கள். அந்த வகுப்புக்கென்று பெண் டெமான்ஸ்டிரேட்டர் ஒருவரை வைக்க, புதிதாக ஓர் இடம் உண்டாக்கினார்கள். நான் பட்டம் வாங்கியதும் அதை எனக்கே கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

மேடம் இருப்பதால்தான் வீட்டில் நம்பி அனுப்புகிறார்கள் என்று மாணவிகள் சொல்வார்கள். கேட்டுக்கொண்டு நிற்பேன். இதற்காக முதலில் பேசியவள் வேறொருத்தி என்று சொன்னதில்லை. சொன்னால் அவளுக்குத்தான் கெட்ட பெயர் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன்.

சில வருடம் கழித்து, மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில், வளையல் கடை முன்னால் யாரோ என் தோளைத் தட்டினார்கள். அவள்தான், இடுப்பில் குழந்தையோடு. எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்ததுதான். ஒன் படிப்ப நான்தான் கெடுத்தேன் என்றேன்.

“கையப் புடிச்சு இழுத்துட்டுப் போன மாதிரில்லா பேசுத? நான் சரின்னு சொல்லித்தான் வந்தேன். பிரின்ஸ்பால் ரூம்ல பேசுனது நானு. நீ சும்மாதான நின்ன?”

அவள் சிரிக்கவில்லை. இத்தனை வருடமும் அவளைப் பாவமாகவே நினைத்து நினைத்து, அன்றைக்கு அவள் காட்டிய தைரியத்தையும் என் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்டாள். சொன்னேன். அந்த இடம் எப்படி வந்தது என்பதையும் சொன்னேன். குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

“நல்ல வேல,” என்றாள். “எனக்குப் புடிச்சிருக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லி வீட்டுக்கு வழி சொன்னாள். அந்த ஞாயிறு நான் போகவில்லை. அடுத்த மாதம் போனேன். மீன் குழம்பு வைத்திருந்தாள். அவள் கல்லூரியைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள் என்று அவள் சொல்ல, தட்டை நீட்டினேன்.