‘நியூ’ என்று எழுதிய தகரம்

அத்தை வீட்டுக் கொல்லையில் தண்ணீர் டிரம்மை மூடியிருக்கும் தகரத்தில் ‘நியூ’ என்று எழுதியிருக்கிறது. மஞ்சளில் சிவப்பு எழுத்து. மேல் விளிம்பில் கம்பி மாட்டுவதற்கான இரண்டு துளைகள் துருவேறி அகன்றிருக்கின்றன. பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் வழியில் அத்தையும் மாமாவும் நடத்திய சினிமாக் கொட்டகையின் பெயர்ப் பலகையில், பெயருக்கு முன்னால் அது தொங்கியது. எப்போதும் தொங்கவில்லை. சில காலம் தொங்கும், சில காலம் இருக்காது.

டூரிங் கொட்டகைக்குத் தற்காலிக அனுமதிதான் கிடைக்கும். கெடு முடிந்ததும் பிரித்துவிட வேண்டும். நிரந்தரத் தியேட்டர் கட்டி அனுமதி வாங்கும் வசதி மாமாவுக்கு இல்லை. ஆகவே கெடு முடியும்போதெல்லாம் திரையை அவிழ்த்து, கூரையில் ஒரு வரிசை ஓலையைப் பிடுங்கிப் போடுவார்கள். சில நாள் கழித்து அதே ஓலையை வேய்ந்து, பூசணிக்காய் உடைத்து, பலகையில் ‘நியூ’வை மாட்டினால் அனுமதித் தாளில் அது வேறு கொட்டகை. அடுத்த கெடுவில் ‘நியூ’வைக் கழற்றினால் இன்னொன்று. ஊரில் இதற்குப் ‘பிரிச்சிக் கட்டறது’ என்று பெயர். ஓலைத் தட்டிக்கு உள்பக்கம் மாமா எழுப்பிய செங்கல் சுவர் மட்டும் ஒரு முறையும் பிரிக்கப்படவில்லை. பார்வையிட வரும் அதிகாரி வாசலில் நின்று, “எவ்ளோ நாளாச்சும்மா கட்டி?” என்பார். டிக்கெட் கூண்டிலிருந்து தலையை நீட்டி அத்தை சொல்வார்: “புதுசு சார். போன மாசந்தான் கட்னோம்.” பொய் சொன்னால் மாமாவுக்கு நாக்கு குழறும். அதனால் இந்தப் பதில் என்றுமே அத்தையின் பொறுப்பு.

அது அழகான கட்டடமாக ஒருநாளும் இருந்ததில்லை. ஓலை போய்த் தகரம் வந்த பிறகு மழைக் காலத்தில் வசனம் கேட்காது. நிலம் வைத்திருந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய வயலில் நடவு நட்டவர்கள் மணலில். பிறகு தொழிற்பேட்டை வளர்ந்து, மணலில் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள் கம்பெனிச் சட்டையோடு வந்து நாற்காலி டிக்கெட் கேட்டார்கள். “இன்னாடா, சம்பளம் வந்ததும் முதுகு வளைய மாட்டேங்குதா?” என்று அத்தை சீண்டிக்கொண்டே டிக்கெட்டைக் கிழிப்பார். அவர்களும் சிரிப்பார்கள். அப்படி வந்தவர்களும் பின்னர் குறைந்தார்கள். மாமா இறப்பதற்கு முன்பே கொட்டகை மூடப்பட்டது.

பல ஆண்டு கழித்து, தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனம் சுற்றுவட்டாரத்துப் பழைய பொதுக் கட்டடங்களைப் புதுப்பிக்க நிதி தருகிறது என்று நான் வேலை பார்க்கும் பத்திரிகையில் ஒரு சிறிய செய்தி எழுதினேன். குறைந்தது ஐம்பது ஆண்டுப் பழமை வேண்டும் என்பது நிபந்தனை. அத்தை அதைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். “நைனா, நம்ம கொட்டாயி இருக்குதே, அதுக்கு மனு எழுதிக் குடு.” படம் ஓட்ட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கூரையை மாற்றி, தரையைப் பூசி, ஊர்க் கூத்துக்கும் பள்ளிக்கூட விழாவுக்கும் விட வேண்டும் என்றார். மகன்கள் அந்த இடத்தை லாரி நிறுத்த விடுவதற்குப் பேசி வைத்திருந்தார்கள். “போன்லயே எல்லாம் பாத்துக்கினு கீறானுங்க. இங்க எவன்மா வந்து குந்துவான்?” என்றான் பெரியவன். “குந்தறவன் குந்துவான். நீ கம்னு கெட,” என்றார் அத்தை. நிதி வந்தால் கொட்டகை, வராவிட்டால் லாரி என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

நிறுவனத்திலிருந்து ஓர் அதிகாரியும், கட்டட நிபுணரான ஒரு பெண்ணும் வந்தார்கள். அத்தை உள்ளே பெருக்கித் தண்ணீர் தெளித்து, ‘நியூ’ தகரத்தையும் துடைத்து மாட்டியிருந்தார். அந்தப் பெண் சுவரைத் தடவிப் பார்த்து, “நல்ல செங்கல்,” என்றார். அதிகாரி வாசலில், முன்பு வந்தவர்கள் நின்ற அதே இடத்தில் நின்று, கையில் கோப்போடு சிரித்த முகமாகக் கேட்டார்: “எவ்ளோ நாளாச்சும்மா கட்டி?”

“புதுசு சார். போன மாசந்தான் கட்னோம்.”

கண் இமைக்கும் நேரத்தில் வந்த பதில். அதிகாரி தலைக்கு மேலே, ஓட்டை விழுந்த கூரைத் தகரத்தின் வழியே தெரிந்த வானத்தைப் பார்த்தார். அத்தையின் கை வாய்க்குப் போனது. “ஐயோ, இல்ல சார். பழசு. என் கல்யாணத்துக்கு முன்னாடியே கீது.” “எதும்மா நெசம்?” என்று அவர் மெதுவாகத்தான் கேட்டார். நான் குறுக்கிட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அனுமதித் தாள்களைப் புரட்டினார். ஒவ்வொன்றும் புதிய தற்காலிகக் கொட்டகை. கடைசித் தாளின்படி, மூடப்பட்ட நாளில் அதன் வயது ஓர் ஆண்டுகூட இல்லை. “உங்க அத்தை உளறினது பிரச்சினை இல்ல சார். தாளும் அதையேதான் சொல்லுது,” என்றார். அவர்மேல் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அந்தக் கட்டடத்துக்குச் சிபாரிசு செய்திருக்க முடியாது.

மறுப்பு வந்த வாரமே மண் வாரும் எந்திரம் வந்தது. ஒருமுறையும் பிரிக்கப்படாத சுவர் மதியச் சாப்பாட்டுக்குள் விழுந்துவிட்டது. அத்தை பார்க்கப் போகவில்லை. இப்போது அங்கே கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. பேருந்து நடத்துனர் இன்னும் “கொட்டாயி எறங்கு” என்றுதான் குரல் கொடுக்கிறார். வடக்கிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் அதை ஊர்ப் பெயர் என்று நினைத்து இறங்குகிறார்கள்.

போன மாதம் அத்தையைப் பார்க்கப் போனேன். கை கழுவ டிரம்மைத் திறந்தபோது தகரத்தின் ஓரத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. மஞ்சளுக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் நீலம், அதற்கும் அடியில் இன்னொரு மஞ்சள். “எவ்ளோ நாளாச்சி அத்த, இத எழுதி?” என்று கேட்டுவிட்டேன்.

அத்தை துணி அலசிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. “புதுசு சார்,” என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு எழுந்து வந்து, என் கையிலிருந்த தகரத்தை வாங்கி, எழுத்து கீழ்ப்பக்கம் போகும்படி திருப்பி டிரம்மை மூடினார்.